இந்த வருடம் எத்தனை மீன்

ஹெட்டி கபராங்குக்கு நாற்பத்தேழு வயது. அந்த வயதில் எங்கள் தொமொஹோன் மலையூரில் மற்ற பெண்கள் மகள் கல்யாணத்துக்கு நல்ல பன்றி யாரிடம் கிடைக்கும் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஹெட்டி சந்தை முனையில் நீல வேனுக்குக் காத்துக்கொண்டு நின்றாள். கையில் அட்டையில் வெட்டிய எண்கள், ஒன்றிலிருந்து ஏழு வரை. தோள்பையில் ஐந்தாம் வகுப்புப் பாடத்திட்டம் மூன்று பிரதி. பத்து மணிக்குக் கல்லூரியில் அவளுக்குப் பாடம் நடத்திக் காட்டும் பயிற்றுப் பரீட்சை. அதில் தேறினால் பட்டம். தேறாவிட்டால் இன்னொரு வருடம். அந்த இன்னொரு வருடம் அவளிடம் இல்லை.

இல்லை என்று சொன்னவர் அவள் பள்ளியின் தலைமை ஆசிரியர். நல்ல மனிதர், கெட்ட செய்தியைச் சொல்லும்போது சட்டைப் பொத்தானைத் திருகுவார். "பட்டம் இல்லாத தற்காலிக ஆசிரியர் பேரெல்லாம் ஜூலையில பட்டியல்லேர்ந்து எடுத்துடுவாங்க ஹெட்டி. என் கையில ஒண்ணும் இல்ல" என்று சொல்லும்போது ஒரு பொத்தானே கையோடு வந்துவிட்டது. அந்தப் பள்ளியில் ஹெட்டி இருபத்து நான்கு வருடமாகப் பாட்டு சொல்லிக் கொடுக்கிறாள். ஊரில் பாதிப் பேருக்குத் தாளம் போடத் தெரியும் என்றால் அவளால்தான். ஆனால் பட்டியலுக்குத் தாளம் தெரியாதே.

இளவயதில் அவள் கல்லூரிக்குப் போகாமல் இல்லை. பத்தொன்பது வயதில் சேர்ந்தாள். மூன்றாம் செமஸ்டரில் யோப்பியும் அவளும் அவசரப்பட்டார்கள், மகள் வந்தாள், புத்தகம் அலமாரிக்குப் போனது. அவ்வளவுதான் கதை. எங்கள் பக்கத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தேவாலயத்தில் மோதிரம் மாற்றினார்கள், எல்லோரும் சாப்பிட்டார்கள். பெரிதாக எடுத்துக்கொண்டவள் ஹெட்டி ஒருத்திதான். மகள் வளர்ந்து நர்ஸ் வேலைக்கு மனாடோ நகரத்துக்குப் போன மறுவாரமே அவள் பழைய புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தாள். நாற்பத்து மூன்று வயதில் முதல் வருடத்தில் போய் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த முதல் நாளே சிரிப்பு. அவளுடைய சங்கீதம் முழுக்க எண்களில் இருந்தது. அப்பா மூங்கில் பேண்டில் பெரிய குழல் ஊதியவர். சிமெண்ட் மூட்டைத் தாளில் ஒன்று, மூன்று, ஐந்து என்று எழுதி மாட்டிவிட்டு ஊதுவார்கள். தேவாலயப் பாட்டுப் புத்தகமும் எண்தான். ஒன்று எங்கே உட்காருகிறதோ அதுதான் சுருதி, மற்ற ஆறும் அதன் பின்னால் வரிசையாக வந்து உட்காரும். கல்லூரிப் பிள்ளைகளோ ஐந்து கோட்டில் புள்ளி வைத்து எழுதும் முறையில் வளர்ந்தவர்கள். ஹெட்டி ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே பென்சிலால் எண் எழுதிக்கொண்டுதான் பாடுவாள். பக்கத்து நாற்காலி பிலியா எட்டிப் பார்ப்பாள். பிலியாவுக்கு இருபத்தோரு வயது, வாய்க்கு வயது இன்னும் கூட.

"தாந்தே, இது பாட்டா, போன் நம்பரா?"

எங்களுக்கு அத்தை வயதில் இருப்பவர்கள் எல்லாம் தாந்தேதான்.

"போன் நம்பர்தான். உன் மாமியாரோடது. போட்டுப் பாரு" என்பாள் ஹெட்டி.

நான்கு வருடத்தில் கோடும் படிக்கக் கற்றுக்கொண்டாள். பிலியாவே பரீட்சைக்கு முன்னால் அவளிடம் வந்து சந்தேகம் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது. எல்லாம் நன்றாகத்தான் போனது, கடைசி வருடத்தில் புதுப் பேராசிரியை வரும் வரை.

அவள் பெயரைச் சொல்வதற்கு முன்னால் மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்துத் திருச்சபைகளில் சிறுவர் பாடகர் குழு என்றால் விளையாட்டு இல்லை. வருடத்துக்கு ஒரு வட்டாரப் போட்டி. கோப்பை வாங்கிய திருச்சபை அந்த வருடம் முழுக்க மற்றவர்களைப் பார்த்துத் தாடையைத் தூக்கிக்கொண்டு நடக்கும். போட்டிக்குச் சில வாரம் முன்னால் குழுத்தலைவி வரிசை வரிசையாகக் காது வைத்து நடப்பாள். பிள்ளைகள் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். எந்த வாயிலிருந்து சுருதி பிசகுகிறதோ அந்தத் தோளில் இரண்டு விரலால் ஒரு தட்டு. திட்டு இல்லை, அடி இல்லை. தட்டு வாங்கிய பிள்ளை அன்றிலிருந்து வாயை மட்டும் அசைக்கும். சீருடை உண்டு, மேடை உண்டு, போட்டோவில் இடம் உண்டு, குரல் மட்டும் கிடையாது. பிள்ளைகள் இவர்களுக்கு வைத்த பெயர் மீன். பெரியவர்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். தலைவிகள் தேவாலய வாசலில் சந்தித்துக்கொண்டால் கேட்பார்கள், இந்த வருஷம் உனக்கு எத்தனை மீன் என்று. அதில் தப்பிருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றியதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் ஹெட்டி தலைவியாக இருந்த திருச்சபைக் குழு முதல் தடவையாகக் கோப்பை வாங்கியது. அந்தப் போட்டோ அவள் வீட்டு முன்னறையில் இருக்கிறது. இரண்டாம் வரிசையில் இடது ஓரத்தில் ஒரு பதினோரு வயதுப் பெண், வரிசையிலேயே அதிகமாக வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாள். அந்த வருடத்து ஒரே மீன். பெயர் இவோன் சிங்கால். அடுத்த வருடமே அவள் குடும்பம் மாற்றலாகி ஜாவா போய்விட்டது. இவோன் அங்கே பியானோ படித்தாள், பெரிய படிப்பெல்லாம் படித்தாள், முப்பத்து நான்கு வயதில் கைக்குழந்தையோடு இந்த மலைக்கே பேராசிரியையாகத் திரும்பி வந்தாள். முதல் வகுப்பில் வருகைப் பதிவில் ஹெட்டியின் பெயரைப் படித்துவிட்டு, "வாங்க தாந்தே" என்று சாதாரணமாகச் சொன்னாள். ஹெட்டி கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு எட்டு மாதம். பழைய கதையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, ஒரு பார்வை கிடையாது. ஆனால் ஒன்று மட்டும் கல்லூரிக்கே தெரியும். இபு இவோன் பாடமாட்டார். ஆசிரியைகளை நாங்கள் இபு என்போம், ஆசிரியர்களைப் பாக் என்போம். எதை விளக்கினாலும் பியானோவில் வாசித்துக் காட்டுவார், இல்லாவிட்டால் மாணவரில் ஒருவரைப் பாடச் சொல்வார். "அவங்க குளிக்கும்போதுகூட பியானோதான் வாசிப்பாங்க போல" என்று பிலியா சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். ஹெட்டி காலணி வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

பரீட்சையின் இரண்டு நடுவர்களில் ஒருவர் துறைத் தலைவர் பாக் ரொந்தோர். இன்னொருவர் இபு இவோன். இது தெரிந்த நாளிலிருந்து ஹெட்டிக்குச் சரியான தூக்கம் இல்லை. பரீட்சைக்கு முந்தின நாள் மாலை யோப்பி வேலை செய்யும் மரவீட்டுப் பட்டறைக்குப் போய் நின்றாள். கட்டி முடித்த வீட்டைப் பிரித்துக் கப்பலில் ஏற்றுவதற்காக அவன் ஒவ்வொரு பலகையிலும் எண் எழுதிக்கொண்டிருந்தான்.

"அவளுக்கு ஞாபகம் இருக்குன்னு உனக்கு யார் சொன்னா?" என்றான், நிமிராமலே.

"யாரும் சொல்லல. அதான் பயமா இருக்கு."

"பதினோரு வயசுல எனக்கு யார் என்ன பண்ணாங்கன்னு எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல."

"நேத்து வாங்கிட்டு வரச் சொன்ன மிளகாயே உனக்கு ஞாபகம் இல்ல."

"போய்க் கேட்டுட வேண்டியதுதானே."

"என்னன்னு கேக்கறது? இபு, உங்க வாயை நான் அடைச்சேனே, மனசுல இருக்கான்னா?"

யோப்பி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தான். "அடைக்கலியே. தொறந்து வெச்சுக்கச் சொன்னே. அதுதானே?"

வேண்டுமென்று சொன்னதில்லை. அவன் அப்படிப்பட்டவன் இல்லை. ஆனாலும் அந்த வார்த்தை ஹெட்டியின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. வேனில் மலை ஏறும்போதும் அதுதான் குத்திக்கொண்டிருந்தது.

பயிற்றுப் பரீட்சைக்கு நிஜப் பிள்ளைகள் கிடையாது. கூடப் படிப்பவர்களே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளாக உட்காருவார்கள். நேரம் இருபது நிமிடம். பிலியா இரட்டைச் சடை போட்டு, தம்பியின் சிவப்பு டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு முன் வரிசையில் இருந்தாள். ஒருவன் மூக்கு நோண்டுவதாக நடித்தான். பின்னால் நடுவர் மேசையில் பாக் ரொந்தோர் கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டார். பாடத்திட்டத்தை வரிக்கு வரி விரலால் தொட்டுப் பார்க்கிறவர் அவர். அவருக்குப் பக்கத்தில் இபு இவோன், ஒன்றும் எழுதியிராத ஒரு முகம்.

ஹெட்டி கரும்பலகையில் ஐந்து கோடு இழுத்தாள், புள்ளிகளை வைத்தாள், கீழே எண்களை எழுதினாள். மேலே மூலையில் "1 = ஜி" என்று எழுதினாள், ஒன்று பியானோவின் ஜி சுரத்தில் உட்காரும் என்று அர்த்தம். பாட்டு அவளே கட்டியது. பாயில் காயும் கிராம்பு, வரப்போகும் மழை, அதை எரிமலைப் பக்கம் விரட்டும் பிள்ளைகள். நான்கே வரி.

"கிராம்பு காயுது, மழையே போ. அந்த மலைக்குப் பின்னால போய்ப் பெய்."

முதல் ஐந்து நிமிடம் வழுக்கிக்கொண்டு போனது. பியானோவில் ஜியைத் தொட்டாள், பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். பிலியாகூட ஒழுங்காகப் பாடினாள். பாக் ரொந்தோரின் விரல் பாடத்திட்டத்தில் இறங்கிக்கொண்டே வந்தது. ஹெட்டிக்கு மூச்சு சீரானது. அப்போதுதான் பின்னால் நாற்காலி நகர்ந்தது.

இபு இவோன் மதிப்பெண் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்தாள். இரண்டாம் வரிசையில் இடது ஓரத்து நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், நான் புதுசாச் சேர்ந்த பிள்ளை."

வகுப்பு சிரித்தது. நடுவர் எழுந்துவந்து பிள்ளையாக உட்காருவது விதியில் உண்டு, தொல்லை கொடுக்கும் பிள்ளையை ஆசிரியர் எப்படிக் கையாளுகிறார் என்று பார்ப்பதற்காக. ஆனால் இபு இவோன் இதுவரை யார் பரீட்சையிலும் அப்படிச் செய்ததில்லை. பாக் ரொந்தோர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"உக்காரு" என்றாள் ஹெட்டி. பேராசிரியையை ஒருமையில் அழைக்க நாக்கு மறுத்தது, ஆனால் பிள்ளையை வாங்க போங்க என்று அழைத்தால் மதிப்பெண் போகும். "எல்லாரும் முதல்லேர்ந்து."

பாடினார்கள். பன்னிரண்டு குரல் ஜியில் நின்றது. பதின்மூன்றாவது, எங்கோ கீழே, நாற்காலியை இழுக்கிற மாதிரி உறுமியது. பிலியா சடை சுழலத் திரும்பிப் பார்த்துவிட்டு, சட்டென்று முன்னால் திரும்பிக்கொண்டாள். இபு இவோன் பாடுகிறார். எட்டு மாதத்தில் ஒருவரும் கேட்டிராத சத்தம். நடிக்கிறாரா, உண்மையிலேயே அப்படித்தானா? யாருக்கும் தெரியவில்லை. சிரிக்கலாமா கூடாதா என்றும் தெரியவில்லை.

"இன்னொரு தடவை. காதால கேட்டுக்கிட்டே பாடுங்க" என்றாள் ஹெட்டி.

மறுபடி அதே உறுமல். ஹெட்டியின் மனம் பாடத்திட்டத்தில் விடை தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. கால்கள் தாமாக நடந்தன. முதல் வரிசை ஓரமாகக் குனிந்து, வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் காது வைத்து, ஒவ்வொருவராகக் கடந்தாள். இருபத்தைந்து வருடத்துப் பழக்கம், அதற்கு மூளை தேவையில்லை. இரண்டாம் வரிசை. இடது ஓரம். காதில் அந்தப் பிசகு விழுந்தது. கை எழுந்தது.

இரண்டு விரலால் ஒரு தட்டு.

உறுமல் உடனே நின்றது, குழாயைத் திருகி மூடியது போல. ஹெட்டி பார்த்தாள். இவோனின் வாய் மூடவில்லை. சத்தமே இல்லாமல், ஒரு எழுத்துகூடத் தப்பாமல், பெரிதாகத் திறந்து திறந்து மூடியது. கண்கள் நேரே கரும்பலகையைப் பார்த்தன. ஹெட்டி வீட்டு முன்னறைச் சுவரில் இருக்கும் அதே வாய்.

ஞாபகம் இருக்கிறதா இல்லையா என்ற எட்டு மாதக் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

வகுப்பு பாடிக்கொண்டே இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. இன்னும் மோசம் என்னவென்றால், பாட்டு இப்போது அழகாக இருந்தது. பன்னிரண்டு குரலும் ஒரே கயிறாகச் சேர்ந்து ஜன்னல் வழியே வெளியே போனது. பாக் ரொந்தோர் தலையை ஆட்டி ரசித்துவிட்டு எதையோ குறித்துக்கொண்டார். இதை இப்படியே விட்டால் போதும். இன்னும் பதினொரு நிமிடம். அடுத்தது கைத்தாளப் பகுதி, அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வு, அதற்குப் பிறகு பட்டம், ஜூலை, பட்டியல். இத்தனை வருடமும் அவள் இப்படியே விட்டுத்தான் கோப்பைகள் வாங்கினாள். ஹெட்டிக்குத் தன் விரல்கள் அப்போது பிடிக்கவில்லை. அவற்றை வெட்டி எறியலாம் போல இருந்தது.

"நிறுத்துங்க" என்றாள்.

வகுப்பு நின்றது. ஹெட்டி இரண்டாம் வரிசைக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். முழங்கால் சடக்கென்றது.

"உன் பேரென்ன?"

"இவோன்."

"இவோன், நான் உன் தோள்ல தட்டிட்டேன். அது தப்பு. நான் பண்ண தப்பு. நீ நிறுத்தக் கூடாது, நீ பாடணும்."

இவோன் கரும்பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு வராது டீச்சர்."

"வரணும்னு நான் கேக்கல. உன் சத்தம் எங்க இருக்குன்னு காட்டு. எங்க இருந்தாலும் சரி. நான் அங்க வரேன்."

பாக் ரொந்தோர் கடிகாரத்தைத் தொட்டார். "ஒன்பது நிமிஷம்" என்றார், யாரையும் பார்க்காமல்.

மூக்கு நோண்டுகிறவன்கூடக் கையை இறக்கிவிட்டான். பிறகு இவோனின் சத்தம் வந்தது, கரகரவென்று, மெலிதாக, பாதியில் உடைந்து. ஹெட்டி கண்ணை மூடிக் காது வைத்தாள். இப்போது வந்தது அந்த உறுமல் இல்லை. அது ஒரு சுரம். ஜிக்கு ஐந்து படி கீழே, தனியாக, ஆனால் ஆடாமல் நின்றது.

"இதுதான்" என்றாள் ஹெட்டி. "இதுதான் இன்னிக்கு நம்ம ஒன்று."

எழுந்துபோய் மூலையிலிருந்த "ஜி"யை உள்ளங்கையால் அழித்தாள். அந்த இடத்தில் "இவோன்" என்று எழுதினாள். ஐந்து கோட்டையும் புள்ளிகளையும் அழித்தாள். எண்கள் மட்டும் மிஞ்சின.

"பாடத்திட்டத்துல ஜின்னு இருக்கு" என்றது பின்மேசை.

"இருக்கு பாக்" என்றாள் ஹெட்டி. "எல்லாரும் இவோனோட ஒன்றைப் பிடிங்க."

பிலியா முயன்று பார்த்துவிட்டுக் கை தூக்கினாள். இப்போது அவள் நடிக்கவில்லை. "டீச்சர், அவ்ளோ கீழ எனக்கு வராது."

"வராதா? அப்போ இன்னிக்கு நீ கஷ்டப்படு. இவ்ளோ நேரம் அவ பட்டா."

விரல்களைத் தூக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலால் காட்ட, வகுப்பு தட்டுத் தடுமாறிக் கீழே இறங்கி வந்தது. கோடு படித்து வளர்ந்தவர்களுக்குக் காலடியில் தரை நகர்ந்த மாதிரி இருந்திருக்கும். முதல் தடவை கேவலமாக இருந்தது. இரண்டாவது தடவை கொஞ்சம் பரவாயில்லை. இவோன் மட்டும் தன் இடத்தில் நின்றாள். அவளைச் சுற்றி மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஹெட்டி ஒன்றை அரைப் படி மேலே நகர்த்தினாள். இவோன் கூட வந்தாள். இன்னொரு அரைப் படி. வந்தாள். மூன்றாவதில் குரல் சறுக்கியது, ஹெட்டி உடனே பழைய படிக்கு இறங்கினாள்.

"இங்கயே இருக்கலாம். இன்னிக்கு இது போதும்."

அந்தப் படியில் கிராம்பும் மழையும் மலையும் முதல் வரியிலிருந்து கடைசி வரை பதின்மூன்று குரலில் போனது. அழகாக இருந்தது என்று சொல்லமாட்டேன். எல்லோரும் இருந்தார்கள், அவ்வளவுதான்.

"நேரம் முடிஞ்சுது" என்றார் பாக் ரொந்தோர்.

மற்றவர்கள் வெளியே போனதும் அவர் தன் தாளைப் படித்தார். நேர்மையான மனிதர், முதுகுக்குப் பின்னால் பேசமாட்டார். "கைத்தாளப் பகுதி இல்ல. எழுத்துத் தேர்வு இல்ல. சுருதியைப் பாதியில மாத்தினீங்க. கரும்பலகையில கோட்டை அழிச்சீங்க. நான் அறுபத்தொண்ணு போட்டிருக்கேன், தாந்தே ஹெட்டி. ரெண்டு பேர் மார்க்கையும் கூட்டிச் சராசரி எழுபது வரணும்." கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அறையில் இரண்டே பேர். இபு இவோனின் தாள் இன்னும் கவிழ்ந்தே கிடந்தது. அவள் அதைத் திருப்பி வைத்தாள். எண் எழுதும் கட்டம் காலியாக இருந்தது.

"முதல்ல பாடினது நடிப்பு தாந்தே. நீங்க என்ன பண்றீங்கன்னு பார்க்கணும்னுதான் அந்த நாற்காலியில வந்து உக்காந்தேன்." பேனா மூடியைக் கழற்றினாள். "நீங்க தட்டினதுக்கு அப்புறம் நடிக்கல. வாய் தானா அப்படிப் போயிடுச்சு. எனக்கே அசிங்கமா இருந்துது."

"இபு, நான்..."

"கொஞ்சம் இருங்க. இருபத்து மூணு வருஷமா நான் தேவாலயத்துல உக்காந்து வாயை அசைச்சுட்டு வரேன். பிறந்தநாள் பாட்டுக்குக்கூட. என் குழந்தைக்கு என் மாமியார்தான் தாலாட்டு பாடறாங்க. எனக்குத் தூங்க வைக்கத் தெரியாதுன்னு ஊர்ல சொல்லிட்டிருக்காங்க."

ஹெட்டிக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்க்கவில்லை. "எனக்கு எந்தச் சாக்கும் இல்ல இபு. கோப்பை வேணும்னு பண்ணேன். மன்னிச்சுடுங்க."

இவோன் பேனாவைக் கட்டத்துக்கு மேலே பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். அடுத்த மாசம் போட்டி வருது. இந்த வருஷம் உங்களுக்கு எத்தனை மீன்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இவோன் இப்போது வேறு திருச்சபை, அவளுக்கு யார் போய்ச் சொல்லப்போகிறார்கள்? இல்லை என்ற வார்த்தை ஹெட்டியின் நாக்கு நுனி வரை வந்தது. பேனா முனையைப் பார்த்தாள். அறுபத்தொன்றைப் பற்றியும், பொத்தானைத் திருகும் தலைமை ஆசிரியரைப் பற்றியும் நினைத்தாள்.

"மூணு" என்றாள்.

"பேரு?"

"தெஸ்யா. மார்சேல். கிலோரி."

"எப்போ தட்டினீங்க?"

"போன சனிக்கிழமை."

"நாலு வருஷம் இங்க வந்து குழந்தைகளுக்கு எப்படிப் பாட்டு சொல்லித் தரணும்னு படிச்சுட்டு, போன சனிக்கிழமை."

"ஆமா."

வெளியே நடைபாதையில் பிலியா யாரையோ கிண்டல் செய்யும் சத்தம் கேட்டது. இவோன் குனிந்து எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். தாளைத் திருப்பி ஹெட்டியின் பக்கம் நகர்த்தினாள். எண்பது. ஹெட்டியால் உடனே கூட்டிப் பார்க்க முடியவில்லை.

"எழுபதரை" என்றாள் இவோன். "இல்லைன்னு சொல்லியிருந்தா வேற எழுதியிருப்பேன். தோள்ல கை வைக்கும்போது உங்களுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கல. அப்படிப்பட்ட கை ஒரு வாரம்கூடச் சும்மா இருந்திருக்காது."

"ரொம்ப நன்றி இபு."

"பாஸ்னு எழுதியிருக்கேன் தாந்தே. மன்னிச்சுட்டேன்னு எழுதல. ரெண்டும் வேற." பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, கரும்பலகை மூலையில் இருந்த தன் பெயரை அழிக்காமலே வெளியே போனாள்.

அடுத்த சனிக்கிழமை தேவாலயக் கூடத்தில் பயிற்சி. குழு பாடிக்கொண்டிருக்கும்போதே ஹெட்டி அந்த மூன்று பேரையும் முன்னால் கூப்பிட்டாள். ஹெட்டி நெருங்கி வந்ததும் தெஸ்யா வாயை அசைத்துக்கொண்டே இடது தோளை மெல்லத் தாழ்த்திக்கொண்டாள். ஒன்பது வயது, ஒரே ஒரு தட்டுதான் வாங்கியிருந்தாள். ஹெட்டி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தெஸ்யா, உன் சத்தத்தைக் காட்டு."

"மீன் பாடக் கூடாதுல்ல டீச்சர்?"

"யார் சொன்னா?"

தெஸ்யா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்லத் தெரியாத வயது. ஹெட்டி தலையைக் குனிந்துகொண்டாள். "சரி. நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். பாடு."

ஜூலைப் பட்டியலில் ஹெட்டியின் பெயர் இருந்தது, பட்டத்தோடு. தலைமை ஆசிரியர் சட்டையின் மிச்சப் பொத்தான்கள் தப்பித்தன. போட்டியில் அவள் குழு ஒன்பதில் ஏழாவதாக வந்தது. திருச்சபையில் பாதிப் பேர் ஒரு மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. யோப்பியைப் பட்டறையிலேயே பிடித்து விசாரித்தார்கள். இபு இவோன் வழியில் பார்த்தால் தலையசைப்பாள், நின்று பேசமாட்டாள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தெஸ்யாவின் அம்மா ஹெட்டியைத் தேடி வந்தாள்.

"தாந்தே, உங்களால என் வீட்ல இருக்க முடியல. காலையில கண்ணைத் திறந்ததுலேர்ந்து நீங்க சொல்லிக் குடுத்த அந்தக் கிராம்புப் பாட்டுதான். சுருதியும் இல்ல ஒண்ணும் இல்ல. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா. நீங்க சொன்னா கேப்பா, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க."

"வேற என்ன வேணும்னாலும் சொல்றேன்" என்றாள் ஹெட்டி. "அதை மட்டும் இனிமே நான் சொல்ல மாட்டேன்."